சூடேறும் கிளட்ச்

தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய நடுவழியில் இருப்பது கந்தர்வக்கோட்டை. செம்மண் பூமி, முந்திரியும் நிலக்கடலையும் விளையும் வட்டாரம். விடியற்காலையில் இவ்வூர்க் கடைத்தெருவில் நின்று நோக்குவோர், பால் கேன்களையும் காய்கறிக் கூடைகளையும் கடலை மூட்டைகளையும் சுமந்துகொண்டு வந்து சேரும் சிறு வண்டிகளைக் காண்பர். மொபெட் என்று நாம் அழைக்கும் வண்டிகளே அவை. ஓர் ஆள், இரண்டு மூட்டை, அவற்றின்மேல் ஒரு சாக்குப் பை, சில வேளைகளில் பள்ளிக்குப் போகும் பிள்ளை ஒன்று. இத்தனையையும் இழுத்துச் செல்வது ஒரு சின்னஞ்சிறு எஞ்சின். 1980ஆம் ஆண்டில் ஓசூரிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50 என்னும் வண்டியே, இருவர் அமர்ந்து செல்லத்தக்கதாக இந்தியாவில் உருவான முதல் மொபெட். அதன் எஞ்சின் 50 கன சென்டிமீட்டருக்கும் குறைவான கொள்ளளவு உடையது. அதன் வழித்தோன்றல்களோ இன்று 100 கன சென்டிமீட்டரை எட்டிவிட்டன. எஞ்சின் வளர்ந்தது, விளக்கும் இருக்கையும் மாறின. ஆயினும் ஓர் உறுப்பு மட்டும் கொள்கையளவில் மாறவேயில்லை. அதுவே, கைப்பிடியின் உதவியின்றித் தானே பற்றித் தானே விடும் கிளட்ச்.

பாரம் ஏற்றுவோரை மிகுதியும் வருத்துவதும் இந்த உறுப்புத்தான். வண்டி புறப்படும்போது ஒரு கருகல் நாற்றம். எஞ்சின் இரைகிறது, வண்டியோ நகர மறுக்கிறது. பக்கத்து மூடியில் கை வைத்தால் சுடுகிறது. "கிளட்ச் போய்விட்டது" என்று சொல்லிப் புதிய கட்டைகளை வாங்கிப் போடுகின்றனர். சில மாதங்களில் மறுபடியும் அதே நாற்றம். கட்டை வாங்கிய பணமும் போயிற்று, அன்றைய வியாபாரமும் போயிற்று. இதற்குக் காரணம் என்ன? சூடு ஏறுவது கிளட்சில். ஆனால் சூட்டை உண்டாக்கும் குற்றவாளி பெரும்பாலும் வேறிடத்தில் ஒளிந்திருக்கிறான். அவனைத் தேடிப் பிடிப்பது எங்ஙனம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

மாணவ நண்பர்களே, முதலில் கிளட்ச் எதற்கு என்று கேட்டுக்கொள்வோம். பெட்ரோல் எஞ்சினுக்கு ஒரு பிடிவாதக் குணம் உண்டு. அது ஓரளவு வேகத்தில் சுழன்றுகொண்டே இருந்தால்தான் உயிரோடிருக்கும், நிறுத்தினால் அணைந்துவிடும். நிற்கும் நிலையிலிருந்தே இழுக்கத் தொடங்கும் வல்லமை மின்சார மோட்டாருக்கு உண்டு. பெட்ரோல் எஞ்சினுக்கு இல்லை. ஆனால் வண்டியோ நிற்க வேண்டும், பிறகு புறப்பட வேண்டும். சுழல்வதையும் நிற்பதையும் மெல்ல மெல்ல இணைத்துவைக்க நடுவே ஒரு தரகர் தேவைப்படுகிறார். அந்தத் தரகரே கிளட்ச்.

மொபெட்டின் கிளட்ச் மிக எளிய அமைப்பு. எஞ்சினோடு சேர்ந்து சுழலும் தகட்டில் இரண்டு அல்லது மூன்று வளைந்த கட்டைகள் பொருத்தப்பட்டிருக்கும். பட்டறைக்காரர் இவற்றை ஷூ என்பர். கட்டைகளின் வெளிமுகத்தில் உராய்வுப் பட்டை ஒட்டப்பட்டிருக்கும். சுருள்வில்கள் கட்டைகளை உள்நோக்கி இழுத்துப் பிடித்திருக்கும். இவற்றைச் சுற்றி, தொடாமல், ஒரு வட்டக் கிண்ணம் இருக்கும். அதற்கு டிரம் என்று பெயர். டிரம்மிலிருந்து சங்கிலி வழியாகப் பின்சக்கரத்துக்கு இயக்கம் செல்லும். எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது வில்கள் வெல்லும், கட்டைகள் ஒடுங்கியிருக்கும், வண்டி நிற்கும். எஞ்சினின் வேகம் கூடியதும் கட்டைகள் வெளியே விரிந்து டிரம்மைப் பற்றும், வண்டி புறப்படும். கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றும் சிறுவன் கையில் உணரும் அதே இழுப்புத்தான் இங்கே வேலை செய்கிறது.

இந்த இழுப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. ஒரு கணக்குப் பார்ப்போம். கட்டையின் எடை 50 கிராம், அதன் நிறைமையம் அச்சிலிருந்து 4 சென்டிமீட்டர் தொலைவில் உள்ளது என்று வைத்துக்கொள்க. நிமிஷத்துக்கு 1,200 சுற்றில் அக்கட்டை ஏறத்தாழ 3 கிலோ எடையளவு விசையோடு வெளியே செல்ல முயலும். 2,000 சுற்றில் 9 கிலோ. 4,000 சுற்றில் 36 கிலோ! வேகம் இரட்டிக்கும்போது விசை நான்கு மடங்காவதைக் காண்க. 9 கிலோ எடைக்கு ஈடுகொடுக்கும் வில்லைப் போட்டால், 2,000 சுற்று வரையில் கிளட்ச் உறங்கும், அதற்குமேல் விழித்துக்கொள்ளும். தோட்டங்களில் புதர் அறுக்கும் கைக்கருவியிலும், மரம் அறுக்கும் சங்கிலி ரம்பத்திலும், கியரற்ற ஸ்கூட்டர்களிலும் இருப்பது இதே ஏற்பாடுதான்.

இதே கிளட்சை உள்ளங்கையில் வைத்துப் பார்க்க விரும்பும் மாணவர்க்கு ஓர் அருமையான வாய்ப்பு உண்டு. வானொலி அலையால் தொலைவிலிருந்து இயக்கப்படும் மாதிரிக் கார்களில் ஒரு வகை, மெய்யான உள்ளெரி எஞ்சினைக் கொண்டது. கம்பியில்லாமல் ஒரு கலத்தை இயக்கும் விந்தையை நிக்கோலா டெஸ்லா என்னும் பேரறிஞர் 1898ஆம் ஆண்டிலேயே நியூயார்க் நகரில் ஒரு சிறு படகைக் கொண்டு செய்துகாட்டினார். இன்று அவ்வகை மாதிரி வண்டிகளுள் மிகப் பல மின்கலத்தால் ஓடுவன. அவற்றுக்கு நாம் பேசும் கிளட்ச் தேவையில்லை. ஆனால் மெதனாலும் நைட்ரோமீத்தேனும் எண்ணெயும் கலந்த எரிபொருளில் ஓடுவனவும் உண்டு. அந்த எண்ணெய் பல கலவைகளில் நம் வயலோரத்து ஆமணக்கின் எண்ணெயே என்பது நமக்குச் சிறிது பெருமை தரும் செய்தி. அந்த எஞ்சினின் கொள்ளளவு இரண்டு முதல் மூன்றரை கன சென்டிமீட்டர் வரை. அதாவது ஒரு தேக்கரண்டியில் அடங்கிவிடும். ஆனால் அதன் சுழல்வேகமோ நிமிஷத்துக்கு 30,000 சுற்றுகளைத் தாண்டும். ஒரு கிராம் எடையுள்ள சிறு கட்டை, அச்சிலிருந்து 8 மில்லிமீட்டர் தொலைவில் 12,000 சுற்றில் சுழலும்போது, தன் எடையைப்போல் சுமார் 1,300 மடங்கு விசையோடு டிரம்மை அழுத்தும். மொபெட்டில் என்ன நடக்கிறதோ அதுவே இங்கே சுருக்கமாகவும் விரைவாகவும் நடைபெறுகிறது. ஆகவே பொம்மைக் காரில் கற்ற பாடம் பால்காரர் வண்டிக்கும் பொருந்தும். பால்காரர் வண்டியில் கற்றது பொம்மைக்கும் பொருந்தும்.

இனிச் சூட்டுக்கு வருவோம். அரணிக்கட்டையைக் கடைந்து தீ உண்டாக்கிய நம் முன்னோர், உராய்வு வெப்பமாகும் என்பதை அறிந்தே இருந்தனர். அதை அளந்து பார்க்க முனைந்தவருள் ஒருவர் ரம்போர்டு பிரபு. பீரங்கிக் குழலைத் துளையிடும்போது எழும் வெப்பத்தால், நெருப்பே இன்றி ஒரு தொட்டி நீரை இரண்டரை மணி நேரத்தில் கொதிக்கவைத்ததாக 1798இல் அவர் எழுதினார். கிளட்சில் நிகழ்வதும் அதுவே. கட்டை ஒரு வேகத்திலும் டிரம் வேறொரு வேகத்திலும் சுழன்றால், இரண்டுக்கும் இடையே வழுக்கல் உண்டாகும். பற்றும் திருப்புவிசை எவ்வளவு, வழுக்கும் வேகம் எவ்வளவு என்னும் இரண்டையும் பெருக்கினால், நொடிதோறும் பிறக்கும் வெப்பத்தின் அளவு கிடைத்துவிடும். கவனியுங்கள்: முழுமையாகப் பற்றிய கிளட்சில் வழுக்கல் இல்லை, ஆகவே வெப்பம் இல்லை. முழுமையாக விட்ட கிளட்சில் பற்று இல்லை. அங்கும் வெப்பம் இல்லை. பற்றியும் பற்றாமலும் இருக்கும் இடைநிலையே வெப்பத்தின் பிறப்பிடம்.

புறப்படும் ஒவ்வொரு முறையும் இந்த இடைநிலையைக் கடந்தே ஆக வேண்டும். அதற்குச் செலுத்தும் வரி எவ்வளவு? இதற்கு விடை மிக எளியது. ஆயினும் கேட்டவர் வியப்பர். எஞ்சின் ஒரே வேகத்தில் சுழல்கிறது என்று கொள்க. வண்டிப் பக்கத்து டிரம் பூச்சியத்திலிருந்து தொடங்கி அவ்வேகத்தை எட்டுகிறது. அதன் சராசரி வேகம் எஞ்சினின் வேகத்தில் பாதியே. திருப்புவிசை இரு பக்கமும் ஒன்றே. ஆகவே எஞ்சின் செய்த வேலையில் பாதிதான் வண்டிக்கு இயக்க ஆற்றலாகச் சேர்கிறது. மறு பாதி? அது முழுவதும் கிளட்சில் வெப்பமாகிறது. சமதளத்தில் மெல்லப் புறப்பட்டாலும் விரைந்து புறப்பட்டாலும் இந்தப் பாதிக்குப் பாதி மாறாது. எத்தனை கைதேர்ந்த ஓட்டுநரும் இவ்வரியிலிருந்து தப்ப முடியாது.

அந்தப் பாதி எவ்வளவு சூட்டை உண்டாக்கும்? வண்டி, ஆள், பாரம் எல்லாம் சேர்ந்து 250 கிலோ. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் கிளட்ச் முழுதும் பற்றிக்கொள்கிறது என்று வைப்போம். அவ்வேகத்தில் வண்டியின் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 2,200 ஜூல். அதே அளவு வெப்பம் கிளட்சில் பிறக்கும். உராய்வுப் பட்டை வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆதலால் பெரும்பகுதி இரும்பு டிரம்முக்கே போய்ச் சேரும். டிரம் அரைக் கிலோ எடையுள்ளதாயின், ஒரு முறை புறப்பட்டால் 10 டிகிரி சூடு ஏறும். இருபது வீட்டில் நின்று நின்று பால் ஊற்றிச் செல்பவரின் வண்டியில் இடையில் ஆற நேரமே இல்லையாயின், கணக்குப்படி 200 டிகிரி! காற்றுப் பட்டு ஆறுவதனால்தான் அந்த அளவை எட்டாமல் பிழைக்கிறது.

மாதிரிக் காருக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். கார் மூன்றரைக் கிலோ. 20 கிலோமீட்டர் வேகத்தில் கிளட்ச் பற்றுகிறது. டிரம் 20 கிராம். பிறக்கும் வெப்பம் 54 ஜூல்தான். ஆனால் டிரம்மோ மிகச் சிறிது. ஆகவே ஒரு புறப்பாட்டுக்கு 6 டிகிரி ஏறிவிடுகிறது. எழுபது மடங்கு எடை வேறுபாடு உள்ள இரண்டு வண்டிகளில் சூடு ஏறக்குறைய ஒரே வரிசையில் நிற்பதைக் கண்டீர்களா? மாதிரிக் காரை விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்கத் தேவையில்லை என்று முன்பு சொன்னது இதனாலேயே.

மேட்டில் புறப்படும்போது கதை வேறு. அங்கே மெல்லப் புறப்படுவது தீங்கு. ஏனெனில் வண்டி பின்வாங்காமல் தாங்கிப் பிடிப்பதற்கே ஒரு திருப்புவிசை ஓயாது தேவைப்படுகிறது. அந்நேரம் முழுவதும் கட்டை வழுக்கிக்கொண்டே இருக்கிறது. சிலர் மேட்டுச் சாலையில் பிரேக்கைப் பிடிக்காமல், ஆக்சிலரேட்டரை முறுக்கியே வண்டியை நிறுத்திவைப்பர். எஞ்சின் தரும் ஆற்றல் அனைத்தும் அப்போது டிரம்முக்கே போகிறது. ஒரு கிலோவாட் என்று குறைத்தே மதிப்பிட்டாலும், நாம் மேலே கொண்ட டிரம் நொடிக்கு நாலரை டிகிரி வீதம் கொதித்தெழும். அரை நிமிஷம் போதும், பட்டை கருகிவிட. முந்திரித் தோப்பின் மணலில் சக்கரம் புதைந்த வண்டியை முறுக்கி முறுக்கி வெளியேற்ற முயல்வதும், நீண்ட புல்லில் சிக்கிய மாதிரிக் காரை விசையை அமுக்கி மீட்க நினைப்பதும் இத்தகையனவே. இறங்கித் தள்ளுவது அவமானம் அன்று; மிக மலிவான மருத்துவம்.

இனிக் குற்றவாளியைத் தேடும் முறை. பக்கத்து மூடியைக் கழற்றுமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: சூடு எப்போது ஏறுகிறது? நின்றுகொண்டிருக்கும்போதா, புறப்படும்போதா, ஓடிக்கொண்டிருக்கும்போதா? மருத்துவர் காய்ச்சல் காலையில் வருகிறதா மாலையில் வருகிறதா என்று கேட்பது போன்றது இது. திருப்புளியைக் கையில் எடுக்கும் அவசரத்தில் இந்தக் கேள்வியை மறந்துவிடுவோரே பலர்.

வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரம் தரையைத் தொடாமல் இருக்கும்படி செய்து, எஞ்சினைத் தானாக ஓடவிடுக. சக்கரம் நிற்க வேண்டும். அல்லது கையால் இலேசாகத் தொட்டு நிறுத்தக்கூடியதாக மெல்ல அசைய வேண்டும். விடாப்பிடியாகச் சுழன்றால், கட்டைகள் ஒடுங்காமல் டிரம்மைத் தீண்டிக்கொண்டே இருக்கின்றன என்பது தெளிவு. அப்படியாயின் ஒவ்வொரு நிறுத்தத்திலும், நீங்கள் பிரேக்கைப் பிடித்து நிற்கும் ஒவ்வொரு நொடியிலும், உள்ளே உராய்வு நடந்துகொண்டிருக்கும். காரணம் பெரும்பாலும் கார்புரேட்டரில் இருக்கும். எஞ்சின் அணைந்துவிடக்கூடாது என்னும் அச்சத்தால் ஓய்வு வேகத்தைக் கூட்டிவைப்பது பரவலான பழக்கம். அதற்கென உள்ள திருகை ஒரு சுற்றுத் தளர்த்தினால் தீரக்கூடிய நோய்க்குப் புதுக் கட்டை வாங்குவானேன்? வேகத்தைக் குறைத்தும் சக்கரம் நிற்கவில்லையாயின், வில் தளர்ந்திருக்கலாம். ஒரு வில் அறுந்திருக்கலாம். கட்டை தன் அச்சாணியில் துருவாலும் தூளாலும் இறுகி, விரிந்தது விரிந்தபடியே நின்றிருக்கலாம்.

மாதிரிக் காரில் இவ்விடத்தில் ஒரு வேடிக்கை உண்டு. அதன் கார்புரேட்டரைத் திறப்பதும் பிரேக்கைப் பிடிப்பதும் ஒரே சிறு மோட்டாரின் ஒரே கைதான். அக்கை ஒருபுறம் திரும்பினால் வேகம். மறுபுறம் திரும்பினால் பிரேக். நடுநிலை எது என்பதைக் கையிலுள்ள வானொலிப் பெட்டியில் ஒரு சிறு திருகினால் நகர்த்தலாம். அது மயிரிழை பிசகினால், கார் ஓடும்போதே பிரேக் இலேசாகப் பிடித்துக்கொண்டிருக்கும். அல்லது நிற்கும்போதே எஞ்சின் கூடுதலாக ஓடும். இரண்டிலும் வதைபடுவது கிளட்ச். குற்றம் எங்கே? காரில் அன்று, பத்து முழத் தூரத்தில் நிற்கும் ஓட்டுநரின் கைப்பெட்டியில். அந்த எஞ்சினுக்குச் செல்லும் கலவையில் எரிபொருள் குறைந்து காற்று மிகுந்தாலும், எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகி ஓய்வு வேகம் நிலைகொள்ளாமல் ஏறும். அதனாலும் கிளட்ச் தீண்டத் தொடங்கும்.

புறப்படும்போது மட்டும் சூடேறினால், கிளட்சைத் தொடாதீர்கள். வண்டியின் மற்ற பகுதிகளைப் பாருங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுக. தடையின்றிச் சில சுற்று ஓடுகிறதா? சட்டென நின்றால் பிரேக் கட்டை உரசுகிறது, அல்லது சங்கிலி அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது, அல்லது பேரிங் வறண்டுவிட்டது. டயரில் காற்று குறைந்திருப்பதையும் பாருங்கள். பாரவண்டிக்கு அது கண்ணுக்குத் தெரியாத பிரேக். மாதிரிக் காரில் டிரம்மின் பல்லும் பெரிய பல்சக்கரமும் நெருங்கி இறுகியிருந்தால் இதே கேடுதான். அவற்றிடையே ஒரு துண்டுத் தாளை வைத்து நெருக்கிப் பூட்டி, பிறகு தாளை உருவிவிட்டால் தக்க இடைவெளி கிடைத்துவிடும். மேலும் அந்தச் சிறு டிரம்மைத் தாங்கும் குண்டு பேரிங்குகளை மறவாதீர்கள். அவை வறண்டால் தாமே நெருப்பாகும். பார்ப்பவர் கிளட்ச் சுடுகிறது என்று கட்டையைக் குறைகூறுவர்.

வேக ஆசையால் பல்சக்கரத்தை மாற்றுவோரைப் பற்றி இங்கே ஒரு சொல். பின்சக்கரத்துப் பல்சக்கரத்தைச் சிறிதாக்கினால் எஞ்சினின் அதே சுழற்சிக்கு வண்டி விரைந்தோடும். ஆனால் கிளட்ச் முழுதும் பற்றும் வேகமும் அதே விகிதத்தில் உயரும். வெப்பமோ அதன் இருமடியில் உயரும். வேகத்தில் நூற்றுக்குப் பத்துக் கூட்டினால், ஒவ்வொரு புறப்பாட்டிலும் வெப்பம் நூற்றுக்கு இருபத்தொன்று கூடும். மாதிரிக் காரின் டிரம்மில் 14 பல்லுக்குப் பதில் 16 பல் வைத்தால், வெப்பம் நூற்றுக்கு முப்பது கூடும். நீண்ட நேர்ப்பாதையில் ஓடுவோர்க்கு அது பொருந்தலாம். நின்று நின்று செல்வோர்க்கு ஒருபோதும் பொருந்தாது. விறைத்த வில்லைப் போடுவதும் இதற்கு ஒப்பானதே. நிற்கும்போது தீண்டும் நோய் அதனால் நீங்கும். ஆனால் பற்றும் வேகம் உயர்ந்து புறப்பாட்டுச் சூடு பெருகும். ஒரு நோய்க்குத் தந்த மருந்து மற்றொரு நோயை வளர்க்கும் வகை இது. உற்பத்தியாளர் குறித்த வில்லையே போடுவது நன்று.

சமதளத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் இரைச்சல் கூடியும் வண்டி வேகம் கூடாமல் சூடேறினால், அப்போதுதான் கிளட்ச் மெய்யாகவே குற்றவாளி. பட்டை தேய்ந்திருக்கும், அல்லது எண்ணெய் கசிந்து பட்டையில் ஊறியிருக்கும், அல்லது பலமுறை கருகிப் பட்டையின் முகம் கண்ணாடிபோல் பளபளத்திருக்கும். எண்ணெயில் மூழ்கி இயங்கும் கிளட்ச் உள்ள வண்டியாயின், ஊற்றிய எண்ணெயைக் கவனிக்க வேண்டும். கார்களுக்கென்று உராய்வைக் குறைக்கும் பொருள்கள் சேர்த்துச் செய்த எண்ணெய், எஞ்சினுக்கு நன்மை, கிளட்சுக்கு நஞ்சு. வழுக்காமல் பற்ற வேண்டிய உறுப்புக்கு வழுக்கலைப் பரிசாகத் தருவது அது. ஜாசோ எம்.ஏ. என்னும் ஜப்பானியத் தரக் குறி பொறித்த எண்ணெயே இத்தகைய கிளட்சுக்கு ஏற்றது. டப்பாவின் பின்புறத்தில் அக்குறியைக் காணலாம்.

சூடு ஒருமுறை எல்லை கடந்தால் தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் இயல்புடையது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பட்டை மிகச் சூடானால் அதன் பற்றுந்திறன் குறையும். பற்றுக் குறைந்தால் வழுக்கல் நீளும். வழுக்கல் நீண்டால் சூடு இன்னும் ஏறும். டிரம்மும் வெப்பத்தால் விரியும். 11 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள இரும்பு டிரம், 200 டிகிரி ஏறினால் கால் மில்லிமீட்டர் விரிந்துவிடும். அதற்கேற்பக் கட்டை கூடுதலாக விரிந்து செல்ல வேண்டும். வில்லோ தன் பதத்தை இழந்து தளரும். ஆறிய பின்னர் டிரம் பழைய அளவுக்குத் திரும்பும், வில் திரும்பாது. நேற்று மேட்டில் கருகிய வண்டி இன்று நிற்கும்போதே தீண்டுவதன் மருமம் இதுதான். எனவே ஒருமுறை கடுமையாகக் கருகிய கிளட்சில் கட்டையை மட்டும் மாற்றிப் பழைய வில்லை விட்டுவைப்பது, முறிந்த ஏணியில் ஒரு படியை மட்டும் புதுப்பிப்பது போலாகும்.

எவ்வளவு சூடேறியது என்பதை மூடியைத் திறந்தபின் அறிய ஒரு பழைய வழி உண்டு. அரிவாளுக்குப் பதம் வைக்கும் ஊர்க் கொல்லரைக் கேட்டுப் பாருங்கள். துலக்கிய எஃகு வெம்மை ஏற ஏற நிறம் மாறும்; 230 டிகிரி அளவில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா; 300 டிகிரி அளவில் நீலம். டிரம்மின் உட்புறத்தில் நீலத் திட்டுக்கள் தென்பட்டால், அந்த இடம் ஒருகால் 300 டிகிரியைத் தொட்டது என்று துணிந்து கூறலாம். வட்டம் முழுவதும் சீராக நீலம் படர்ந்திருந்தால் பொதுவான மிகைச்சூடு. ஒரு பக்கம் மட்டும் திட்டாயிருந்தால் டிரம் கோணலாகிவிட்டது, அல்லது ஒரு கட்டை மட்டுமே உழைக்கிறது. சூட்டை ஓடும்போதே அறிய விரும்புவோர்க்கு, இன்று கைக்கடக்கமான அகச்சிவப்பு வெப்பமானி கடைகளில் கிடைக்கிறது. பள்ளி ஆய்வுக்கூடத்துக்கு அதைவிடப் பயனுள்ள மலிவுக் கருவியைக் காண்பது அரிது. ஆனால் சுடுகின்ற டிரம்மில் நீரை ஊற்றி ஆற்றும் வேலை மட்டும் வேண்டாம். வார்ப்பிரும்பு திடீரெனக் குளிர்ந்தால் வெடிப்பு விழும், கோணும்.

திறக்கும்போது உள்ளே கரும்பொடி நிறைந்திருக்கும். அதை வாயால் ஊதுவதும், காற்றுக் குழாயால் பீய்ச்சுவதும் பட்டறைகளில் அன்றாடம் காணும் காட்சி. இது மிகவும் கேடானது. பழைய உராய்வுப் பட்டைகளில் கல்நார் சேர்ந்திருந்தது. அதன் நுண்ணிழைகள் நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துக் கொடிய நோய்களை, புற்றுநோயையும், உண்டாக்கும் என்பது ஐயமற நிறுவப்பட்ட உண்மை. கல்நார் இல்லாத பட்டைகள் இன்று பெருகியுள்ளன; ஆயினும் பழைய வண்டியில் எந்தப் பட்டை இருக்கிறது என்று கண்ணால் சொல்ல இயலாது. ஆகவே நீரில் நனைத்த துணியால் பொடியைத் துடைத்தெடுத்து, அத்துணியை ஒரு பையில் கட்டி அப்புறப்படுத்துக. பட்டறையில் வேலை பழகும் சிறுவர்களுக்கு இதனை எடுத்துச் சொல்லுதல் கற்றவர் கடமை.

புதுக் கட்டையைப் பொருத்துமுன் டிரம்மின் உட்புறத்தைக் கண்ணாடித்தன்மை நீங்கும் அளவுக்கு உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து, எண்ணெய்ப் பசையில்லாமல் துடைத்துக் கொள்க. விரலின் எண்ணெய்கூடப் பட்டையில் படாமலிருப்பது நல்லது. கட்டைகள் டிரம்மின் வளைவோடு முழுதும் பொருந்துகின்றனவா என்பதை அறிய, டிரம்மின் உட்புறத்தில் சுண்ணாம்புக் கட்டியால் தடவி, பூட்டிச் சிறிது தூரம் ஓட்டிப் பிறகு திறந்து பாருங்கள். பட்டையில் எங்கெங்கே வெண்மை ஒட்டியிருக்கிறதோ அங்கெல்லாம் பற்று உண்டு. புதுப் பட்டையில் முதலில் இரண்டொரு மேட்டில் மட்டுமே வெண்மை இருக்கும். அந்தச் சிறு பரப்பே முழுச் சுமையையும் தாங்கி விரைவில் சூடாகும். பரப்பு முழுதும் படியும் வரையில், முதல் சில நாட்களுக்கு மூட்டையை ஏற்றாமல் ஆள் மட்டும் ஏறி ஓட்டுக. புறப்பாட்டுக்கும் புறப்பாட்டுக்கும் இடையே ஆற விடுக. மாதிரிக் காருக்கோ ஓரிரு தொட்டி எரிபொருள் தீரும் வரையில் விரைவோட்டம் தவிர்த்தால் போதும்.